பைபாஸ் முடிந்து மூன்றாம் நாள்: வாயில் இருக்கும் குழாயை ஏன் இன்னும் எடுக்கவில்லை?

கேட்டவர் களியக்காவிளைப் பக்கத்துக்காரர். அவர் சொன்னதன் சுருக்கம் இது. அப்பாவுக்கு 64 வயது. ரப்பர் வெட்டும் வேலை. நெடுநாள் பீடி குடித்தவர், இப்போது விட்டுவிட்டார். சர்க்கரை உண்டு. திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் பைபாஸ் நடந்தது. "ராத்திரியோ மறுநாள் காலையோ டியூபை எடுத்துவிடுவோம்" என்று சொல்லியிருந்தார்கள். இன்று புதன். டியூப் அப்படியே இருக்கிறது. கைகளைக் கட்டியிருக்கிறார்கள். கண்ணைத் திறந்து பார்க்கிறார், கண்ணீர் வழிகிறது. "வீனிங் நடக்கிறது" என்பதற்கு மேல் சிஸ்டர்கள் ஒன்றும் சொல்வதில்லை. மாமா, பில்லுக்காக வைத்திருக்கிறார்கள் என்கிறார். சித்தப்பா, டியூபை எடுத்தால் உயிர் போய்விடும் என்கிறார். யாரை நம்புவது, டாக்டரிடம் என்ன கேட்பது?

நான் மயக்க மருத்துவர். ஊர் குழித்துறை, வேலை திருவனந்தபுரத்தில், இதய ஆபரேஷன் முடிந்தவர்களைப் பார்க்கும் ஐசியூவில். உங்கள் அப்பாவை நான் பரிசோதிக்கவில்லை. அதனால் அவருக்கு என்ன பிரச்சினை என்று இங்கிருந்து சொல்ல முடியாது. டியூபை எடுக்கும் முடிவை எப்படி எடுக்கிறோம், எதனால் தள்ளிப்போகும் என்பதை விவரமாகச் சொல்கிறேன். அதை வைத்துக்கொண்டு நாளைக் காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டரிடம் பேசுங்கள்.

மாமா, சித்தப்பா இருவர் சொன்னதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மூன்றாம் நாளும் டியூப் இருக்கிறது என்பதால் மட்டும் நிலைமை கைமீறிவிட்டது என்று ஆகாது. ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது. பைபாஸுக்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் டியூபை எடுத்துவிட வேண்டும் என்பதே இன்று பல இடங்களில் இலக்கு. 24 மணி நேரத்தைத் தாண்டினால் அதை ஆபரேஷனின் ஒரு சிக்கலாகவே கணக்கெடுப்பார்கள். எனவே உங்கள் அப்பா விஷயத்தில் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆறு மணி நேரம் என்பது பழைய வழக்கம் இல்லை. 1990கள் வரை இதய ஆபரேஷனில் ஃபென்டனில் போன்ற வலி மருந்துகளை மிக அதிக அளவில் கொடுத்து, இரவு முழுக்க மூச்சுக்கு உதவும் மெஷினில் (வென்டிலேட்டரில்) வைத்து, மறுநாள் காலையில் எழுப்புவார்கள். பிறகு மருந்தின் அளவைக் குறைத்துச் சீக்கிரம் எழுப்பிப் பார்த்தார்கள். பொறுக்கி எடுத்த நோயாளிகளிடம் அது பாதுகாப்பாகவே இருந்தது. உங்களிடம் "ராத்திரியோ காலையோ" என்று சொன்னது அந்தக் கணக்கில்தான். அது நல்லபடியாகப் போனால் நடக்கக்கூடிய கணக்கு. ஆபரேஷனுக்கு முன்பே அதைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தத் தவிப்பு பாதியாகியிருக்கும்.

டியூப் என்பது என்ன? வாய் வழியாகப் போய், குரல் நாண்களுக்கு இடையே நுழைந்து, மூச்சுக்குழாயின் நடுவில் நிற்கும் பிளாஸ்டிக் குழாய். பெரியவர்களுக்கு உள்விட்டம் 7 முதல் 8 மில்லிமீட்டர். அதன் அடிமுனையில் சின்ன பலூன் ஒன்று உண்டு. அதைக் காற்றடித்து உப்ப வைத்தால் வாயிலிருக்கும் எச்சில் நுரையீரலுக்குள் பெரும்பாலும் இறங்காது, மெஷின் கொடுக்கும் காற்றும் வெளியே கசியாது. குரல் நாண்களுக்கு நடுவே குழாய் இருப்பதால்தான் அப்பாவால் பேச முடியவில்லை. குரல் போய்விட்டது என்று அம்மா பயப்பட வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து ஐசியூவுக்கு வரும்போது உடம்பு குளிர்ந்திருக்கும், தூக்க மருந்து மிச்சமிருக்கும், தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் சில மணி நேரம் நாங்கள் பார்ப்பது மூச்சை மட்டும் இல்லை. உடம்பு சூடு 36 டிகிரிக்கு வந்ததா, கசியும் ரத்தம் வெளியேற நெஞ்சில் வைத்த டிரெயின் குழாயில் ரத்தம் எவ்வளவு வருகிறது, பிரஷர் இறங்காமல் தாங்கும் மருந்துகளைக் கூட்ட வேண்டியிருக்கிறதா, சிறுநீர் வருகிறதா என்று எல்லாவற்றையும் பார்ப்போம். ரத்தக்கசிவு அதிகமானால் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக நேரலாம். அந்தச் சந்தேகம் இருக்கும்வரை டியூபைத் தொட மாட்டோம்.

அதெல்லாம் சரியானதும் தூக்க மருந்தை நிறுத்துவோம். நோயாளி கண்ணைத் திறந்து, "கையை அமுக்குங்க" என்றால் அமுக்கி, "தலையைத் தூக்குங்க" என்றால் சில விநாடியாவது தூக்கிப் பிடிக்க வேண்டும். சளியைத் துப்பும் அளவுக்கு இருமலில் பலம் வேண்டும். ஆக்சிஜன் 40 சதவீதமோ அதற்குக் கீழோ போதுமானதாக இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் அடுத்த கட்டம், தானாக மூச்சுவிட வைத்துப் பார்க்கும் சோதனை. மெஷின் கொடுக்கும் உதவியை மிகக் குறைவாக்கியோ, டி வடிவக் குழாயில் வெறும் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தோ, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை பக்கத்தில் நின்று பார்ப்போம். சிஸ்டர்கள் சொல்லும் "வீனிங்" என்பது இந்த உதவியைக் குறைத்துக்கொண்டு வரும் வேலைதான்.

அந்த நேரத்தில் ஒரு எளிய கணக்கும் போடுவோம். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சில் எத்தனை லிட்டர் காற்று என்பதால் வகுப்பது. நிமிஷத்துக்கு 20 மூச்சு, ஒவ்வொன்றும் 450 மில்லி என்றால் 44 வரும். நல்ல எண். 36 மூச்சு, ஒவ்வொன்றும் 250 மில்லி என்றால் 144. வேகமாக, மேலோட்டமாக விடுகிறார், சீக்கிரம் களைத்துவிடுவார் என்று பொருள். 1991இல் இந்தக் கணக்கை வெளியிட்டபோது 105ஐ எல்லையாக வைத்தார்கள். இன்றும் ஐசியூக்களில் அந்த எண்ணைச் சொல்வார்கள். நான் அதை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை. நோயாளி வியர்க்கிறாரா, கழுத்துத் தசைகள் இழுக்கிறதா, முகத்தில் பதற்றம் தெரிகிறதா என்று பார்ப்பதில் நிறையத் தெரியும்.

இனி உங்கள் அப்பாவுக்கு ஏன் தள்ளிப்போயிருக்கலாம் என்பதற்கு வருகிறேன். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

முதல் சந்தேகம் நுரையீரல். நெடுநாள் பீடி குடித்தவரின் நுரையீரலில் சளி அதிகம், சிறு குழாய்கள் சுருங்கியிருக்கும். பீடியை விட்டது பெரிய நன்மை. ஆனால் பழைய பாதிப்பு முழுக்க மறையாது. ஆபரேஷனின்போது பம்பில், அதாவது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் மெஷினில் இருக்கையில் நுரையீரல் வேலை செய்யாமல் சுருங்கிக் கிடக்கும். பிறகு இடதுபக்க அடிப்பகுதி முழுசாக விரியாமல் போவது மிகச் சாதாரணம். நெஞ்செலும்பை அறுத்து ஒட்டியிருப்பதால் வலியில் ஆழமாக மூச்சு இழுக்கவும் இருமவும் மனசு வராது. வலிமருந்தைக் கூட்டினால் தூக்கம் வருகிறது, குறைத்தால் இருமல் வருவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான அளவைக் கண்டுபிடிப்பதில்தான் எங்கள் பாதி நாள் போகிறது.

இரண்டாவது, பலரும் யோசிக்காதது: இதயம். மெஷின் காற்றை உள்ளே தள்ளும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடும். அதனால் கால், வயிற்றிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கொஞ்சம் குறையும், இடது இதய அறை ரத்தத்தை வெளியே தள்ளுவதும் சுலபமாகும். பலவீனமான இதயத்துக்கு அது ஒருவகை ஓய்வு. டியூபை எடுத்ததும் அந்த ஓய்வு ஒரே நிமிஷத்தில் போய்விடும். திரும்பும் ரத்தம் கூடும், இதயத்தின் சுமையும் கூடும். பம்பிங் குறைவாக இருப்பவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். மெஷினில் இருந்தபோது எல்லா எண்ணும் அழகாக இருந்த ஒருவர், எடுத்த இருபதாவது நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து திணறுவது இப்படித்தான். ஆகவே சில சமயம் நாங்கள் ஒரு நாள் பொறுத்து, சிறுநீர் மருந்து கொடுத்து, சேர்ந்திருக்கும் நீரை இறக்கி, பிரஷர் மருந்தைக் குறைத்து, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முயல்வோம். வெளியே நிற்பவருக்கு அன்று ஒன்றுமே நடக்காத மாதிரி தோன்றும். உள்ளே அதற்கான வேலை நடந்துகொண்டிருக்கும்.

சிறுநீரகம் மந்தமானால் தூக்க மருந்து உடம்பைவிட்டுப் போக நாளாகும். மார்புக்குள் ஓடி, உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையை) இயக்கும் நரம்பு ஆபரேஷனில் அடிபட்டிருந்தாலும் மூச்சின் பலம் குறையும். இது அபூர்வம், பெரும்பாலும் தானாகவே மீளும், ஆனால் மெதுவாக.

அப்புறம் மூளை. ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்குத் தற்காலிகக் குழப்பம் வருவது உண்டு. பகலா இரவா தெரியாது, இடம் தெரியாது, டியூபைப் பிடுங்கப் பார்ப்பார்கள். உங்கள் அப்பாவின் கைகளைக் கட்டியிருப்பதும் அநேகமாக இதனால்தான். பலூன் உப்பியிருக்கும்போதே டியூபை இழுத்தால் குரல் நாண் காயப்படும், அவசரமாக மறுபடி போட வேண்டிவந்தால் ஆபத்து. இருந்தாலும் கைகளைக் கட்டுவதை நான் சுலபமாக எடுத்துக்கொள்வதில்லை. கட்டினால் சிலருக்குப் பதற்றம் கூடுகிறது. பார்வை நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒரு கையையாவது அவிழ்த்துவிடலாமா என்று கேளுங்கள். கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்தால் பல சிஸ்டர்கள் சம்மதிப்பார்கள்.

எல்லைப்பக்கத்துக்காரர்கள் சொல்ல மறந்துவிடும் விஷயம் ஒன்றை இங்கே சேர்க்கிறேன். விளவங்கோடு பக்கத்தில் பலருக்கு மலையாளம் நன்றாகப் புரியும். செங்கோட்டை, திருநெல்வேலியிலிருந்து வரும் பெரியவர்களுக்கு அப்படி இல்லை. நன்றாக இருக்கும்போது மலையாளம் புரிகிறவருக்கும் அரைமயக்கத்தில் புரியாமல் போகலாம். சிஸ்டர் சொன்னதை நோயாளி செய்யவில்லை என்றால், அவருக்கு நினைவு சரியில்லையா, காது கேட்கவில்லையா, மொழி பிடிபடவில்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நான் வேலை பார்க்கும் ஐசியூவில் தமிழ் பேசும் ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வைத்ததும் கையைத் தூக்கிக் காட்டிய பெரியவர்கள் உண்டு. அதனால் அப்பாவுக்கு எந்த மொழி வசதி, எந்தக் காது மந்தம், கண்ணாடி போடுவாரா என்பதைச் சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் இருக்கும் கண்ணாடியையும் காதுக்கருவியையும் கொண்டுபோய்க் கொடுங்கள். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுவாரா, நடுவில் மூச்சு நின்று நின்று வருமா என்பதையும் சொல்லுங்கள். தினமும் குடிக்கும் பழக்கம் இருந்தால், அம்மா முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தாலும், டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். திடீரென்று குடி நின்றதால் வரும் நடுக்கமும் குழப்பமும் மூன்றாம் நாள் வாக்கில்தான் உச்சத்துக்குப் போகும். அதற்குத் தனி மருந்து உண்டு. தெரியாவிட்டால் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்போம்.

எடுத்துவிட்டுப் பார்க்கலாமே, முடியாவிட்டால் மறுபடி போட்டால் போச்சு என்று சிலர் கேட்பார்கள். மறுபடி போடுவது முதல் தடவை போல அமைதியான வேலை இல்லை. தொண்டை வீங்கியிருக்கும், வயிற்றில் உணவு இருக்கலாம், ஆக்சிஜன் ஏற்கெனவே இறங்கியிருக்கும், இதயத்தில் புதுத் தையல் இருக்கிறது. எடுத்துவிட்டு இரண்டு மூன்று நாளுக்குள் மறுபடி போட வேண்டிவந்தவர்களின் நிலை, ஒரே தடவையில் வெளியே வந்தவர்களைவிட மோசமாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பொது ஐசியூக்களில் எல்லாச் சோதனையிலும் தேறியவர்களிலேயே நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மறுபடி போட நேர்கிறது. திட்டமிட்டுச் செய்த பைபாஸில் அது இதைவிடக் குறைவு. அதே சமயம், ஒருவருக்குக்கூட மறுபடி போட நேர்ந்ததில்லை என்று ஓர் ஐசியூ சொன்னால், அங்கே தேவைக்கு மேல் நாள் கடத்துகிறார்கள் என்றுதான் நான் நினைப்பேன்.

நாள் கடத்துவதற்கும் விலை உண்டு. டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் நிமோனியா வரும் வாய்ப்பு கூடுகிறது. மூச்சுத் தசைகள் சும்மா இருந்தே இளைக்கின்றன. அதனால்தான் தினமும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். 1996இல் அமெரிக்காவில் 300 ஐசியூ நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தினமும் பரிசோதித்து, தகுதியானவர்களைத் தானாக மூச்சுவிட வைத்துப் பார்த்த பிரிவில், மெஷினில் இருந்த காலம் ஆறு நாளிலிருந்து நாலரை நாளாகக் குறைந்தது. அவர்கள் பைபாஸ் நோயாளிகள் மட்டும் இல்லை, பலவகை நோய்களோடு ஐசியூவில் இருந்தவர்கள். ஆனால் பாடம் எல்லோருக்கும் பொருந்தும். டாக்டரின் உள்ளுணர்வுக்காகக் காத்திருந்தால் நாள் வீணாகிறது, தினமும் கேட்டுப் பார்த்தால் மிச்சமாகிறது.

இப்போது மாமாவின் பில் சந்தேகம். தனியார் ஆஸ்பத்திரிகளில் வென்டிலேட்டருக்கு நாள் கணக்கில் கட்டணம் உண்டு என்பது உண்மை. காப்பீட்டுத் திட்டத்தில் மொத்தமாக ஒரே தொகைக்கு, பேக்கேஜாக நடந்த ஆபரேஷன் என்றால் பொதுவாக நாள் கூடக் கூட ஆஸ்பத்திரிக்குத்தான் செலவு. எது உங்கள் நிலைமை என்று முதலில் பாருங்கள். சந்தேகத்தை மனசில் வைத்துப் புழுங்குவதைவிட நேரே கேட்பது நல்லது. டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: இன்று காலை தூக்க மருந்தை நிறுத்திப் பார்த்தீர்களா? தானாக மூச்சுவிடும் சோதனை செய்தீர்களா, எவ்வளவு நேரம் தாங்கினார்? தாங்கவில்லை என்றால் தடையாக இருப்பது நுரையீரலா, இதயமா, மயக்கமா? அதற்கு இன்று என்ன செய்கிறீர்கள்? உருப்படியாக நடக்கும் ஐசியூவில் இந்தக் கேள்விகளுக்கு இரண்டு நிமிஷத்தில் பதில் வரும். இரண்டு நாளாகச் சோதனையே செய்யவில்லை, ஏன் என்றும் யாராலும் சொல்ல முடியவில்லை என்றால், ஆபரேஷன் செய்த சர்ஜனைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். குடும்பத்திலிருந்து ஒரே ஆள் பேசுவது முக்கியம். துணைக்கு நிற்கும் பைஸ்டாண்டர் நாலு பேர் நாலு நேரத்தில் கேட்டால் நாலு பதில் வரும், வீட்டில் சண்டையும் வரும்.

சித்தப்பாவின் பயம் வேறு. மீளவே முடியாது என்று தெரிந்த நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றி 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது, 2023இல் அதன் நடைமுறைகளை எளிதாக்கியது. அதற்கு மருத்துவக் குழுக்கள், குடும்பத்தின் சம்மதம் என்று தனி வழிமுறை இருக்கிறது. செய்திகளில் "வென்டிலேட்டரை எடுத்தார்கள்" என்று அவர் கேள்விப்பட்டது அதுவாக இருக்கலாம். உங்கள் அப்பா விஷயத்தில் எடுப்பது என்றால், தானே மூச்சுவிடுகிறார் என்று உறுதியாகத் தெரிந்து எடுப்பது. இதை அவரை உட்கார வைத்துச் சொல்லுங்கள். அவர் பயம் அம்மாவையும் பிடித்துக்கொள்ளும்.

எடுக்கும் நாளன்று என்ன நடக்கும்? குழாய் வழி உணவைச் சில மணி நேரம் முன்பே நிறுத்துவார்கள். சாய்த்து உட்கார வைப்பார்கள். தொண்டை வீங்கியிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் பலூனின் காற்றை இறக்கி, குழாயைச் சுற்றிக் காற்று கசிகிறதா என்று பார்ப்பார்கள். கசியவில்லை என்றால் வீக்கம் இருக்கலாம். அப்போது ஸ்டீராய்டு ஊசி போட்டு, குறைந்தது நாலு மணி நேரமாவது பொறுத்து எடுப்பது வழக்கம். பிறகு வாயிலும் தொண்டையிலும் சளியை உறிஞ்சி, பிளாஸ்டரைப் பிரித்து, பலூனை இறக்கி, ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லி உருவிவிடுவார்கள். சில விநாடி வேலைதான். உடனே இருமச் சொல்வோம், பேரைச் சொல்லச் சொல்வோம். கரகரப்பாக ஒரு சத்தம் வந்தாலே எங்களுக்கு நிம்மதி.

அவருக்கு 64 வயது, பீடிப் பழக்கம் வேறு இருந்திருக்கிறது. அதனால் எடுத்ததும் மூக்கு வழியாக வேகமாகப் பாயும் ஆக்சிஜனையோ, இறுக்கமான முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப் மெஷினையோ வைக்கலாம். அதைப் பார்த்து மறுபடி மெஷினா என்று கலங்காதீர்கள். சிக்கல் வரக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே வைப்பது நல்ல பழக்கம். நீங்கள் உள்ளே போகும்போது தண்ணீர் கேட்பார், கெஞ்சுவார். சிஸ்டர் அனுமதிக்காமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். டியூப் இருந்த தொண்டைக்கு விழுங்கும் உணர்வு திரும்பக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் கொடுத்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். உதட்டை நனைத்துவிடலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். மூன்று பந்து உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியைக் கொடுத்திருப்பார்கள். அதை ஊதக் கூடாது, உறிஞ்சி இழுக்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தடவை என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வார். இருமும்போது தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலி குறையும், சளியும் வெளியே வரும்.

ஒருவேளை வாரம் தாண்டியும் எடுக்க முடியாமல் போனால், கழுத்தில் சின்னத் துளையிட்டுக் குழாயை மாற்றி வைக்கலாமா என்று கேட்பார்கள். அதைக் கேட்டதும் பல வீடுகளில் அழுகை எழும். அது பெரும்பாலும் தற்காலிகம்தான். வாய்க்குழாயைவிட அது நோயாளிக்கு வசதி, தூக்க மருந்தும் குறைவாகத் தேவைப்படும், பின்னால் எடுத்துவிட்டால் துளை தானாக மூடிக்கொள்ளும். உங்கள் அப்பாவுக்கு இப்போது அந்தப் பேச்சுக்கே நேரம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு தொண்டை வலியும் குரல் கரகரப்பும் சில நாள் இருக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேலும் குரல் தெளியவில்லை என்றாலோ, தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரை ஏறினாலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். சில வாரம் கழித்து மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் தாமதிக்காதீர்கள். குழாய் இருந்த இடம் தழும்பாகிச் சுருங்கியிருக்கலாம், இழுப்பு என்று நினைத்து இன்ஹேலரோடு நிறுத்திவிடக் கூடாது. இந்த மாதிரி நேரத்தில் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ பார்க்கும் டாக்டருக்கு திருவனந்தபுரத்தில் என்ன நடந்தது என்று தெரியாது. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது, டியூப் எத்தனை நாள் இருந்தது, மறுபடி போட நேர்ந்ததா, போடுவதில் சிரமம் இருந்ததா என்ற மூன்றையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.